சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே டயர் போதுமா?

கேள்வி: தினமும் நான் ஓட்டும் காரில் 225/45 ஆர் 17 அளவு டயர்கள் உள்ளன. ஆண்டுக்கு நான்கைந்து நாள்கள் அதே காரைப் பந்தயத் தடத்திலும் ஓட்டுகிறேன். பட்டன் தேய்ந்துவிட்டதால் நான்கு டயர்களையும் மாற்ற வேண்டும். டிரெட்வேர், அதாவது தேய்மான எண், 200 என்று அச்சிட்டிருக்கும் டயரைத்தான் வாங்க வேண்டும், அதற்கு மேல் போனால் தடத்துக்கு உதவாது என்று உடன் ஓட்டும் நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த எண்ணை நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் விளங்கிவிடும். டிரெட்வேர் என்பது அமெரிக்க அரசு வகுத்த டயர் தர முறையின் ஒரு பகுதி. டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ நகரை ஒட்டிய சாலைகளில் 7,200 மைல், அதாவது ஏறத்தாழ 11,600 கிலோமீட்டர் ஓட்டி, 100 என்று மதிப்பிட்ட ஓர் ஒப்பீட்டு டயருடன் தேய்மானத்தைக் கணக்கிடுகிறார்கள். எண் 200 என்றால் ஒப்பீட்டு டயரைப் போல இரண்டு மடங்கு உழைக்கும் என்று பொருள். ஆனால் சோதனைக்குப் பிறகு எந்த எண்ணைப் போடுவது என்று தீர்மானிப்பது டயரைத் தயாரிக்கும் நிறுவனமே. அது மட்டுமன்று, அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் சாலை டயர் பிரிவுக்குக் குறைந்தபட்ச எண் 200 என்ற விதி இருப்பதால், அந்தப் பிரிவில் வெல்வதற்கென்றே உருவாக்கப்பட்ட டயர்களும் அதே 200-ஐத் தாங்கி வருகின்றன. யோகோஹாமா அட்வான் ஏ052 டயரிலும் 200, கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஃபோர்ஸ் டயரிலும் 200. முன்னது சீக்கிரம் சூடேறி ஓரிரு சுற்றுகளில் உச்சப் பிடிப்பைத் தந்துவிட்டு, தொடர்ந்து விரட்டினால் தளர்ந்துபோகும் இயல்புடையது. பின்னது நீண்ட நேரப் பந்தயத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஒரே எண்ணுக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது சரியாகாது.

அதற்குப் பக்கத்திலேயே ஏஏ, ஏ, பி என்று அச்சிடப்பட்டிருக்கும் பிடிப்புத் தரத்தையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நனைந்த தரையில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது டயர் எப்படி நிற்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. வளைவில் எப்படி நடந்துகொள்ளும், காய்ந்த தரையில் எவ்வளவு பிடிக்கும் என்பவற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். ஆண்டில் ஐந்து நாள் தடம், மீதி 360 நாள் சாலை என்றால், மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற, டிரெட்வேர் 300 அளவிலுள்ள உயர்திறன் கோடைக்கால டயரையே வாங்குங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. தடத்தில் சுற்றுக்குச் சில நொடிகள் கூடுதலாக ஆகும். அந்த இழப்பு உங்களைத் துன்புறுத்தாது. மழையில் வீடு திரும்பும்போது டயர் கைவிடுவதுதான் துன்புறுத்தும். ரப்பர் தரையை இரண்டு வழிகளில் பற்றுகிறது. கல்லின் பரப்பில் மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வது ஒன்று. கல்லின் மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் மெல்லத் திரும்புவதால் எழும் எதிர்ப்பு மற்றொன்று. இடையில் நீர்ப்படலம் வந்துவிட்டால் முதல் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். தேங்கிய நீரை வெளியேற்ற டயரில் பள்ளங்களும் வேண்டும். தடத்தையே முதன்மையாகக் கருதிச் செய்த டோயோ ப்ராக்சஸ் ஆர்888ஆர் போன்ற டயர்களில் பள்ளம் குறைவு, ரப்பர் பரப்பு அதிகம். காய்ந்த தரையில் அவற்றின் பலமாக இருக்கும் அதே அமைப்பு, நீர் தேங்கிய சாலையில் கார் மிதப்பதற்குக் காரணமாகிவிடுகிறது.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. அத்தகைய டயர்களுடன் நாள் முழுவதும் ஓட்டிவிட்டுப் பெருமழையில் திரும்பிய ஒரு மாலையில், சாலையின் சக்கரத் தடங்களில் தேங்கிய நீரைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங் கையில் எடையற்றுப் போனதை உணர்ந்தேன். லாரிகள் என்னை முந்திச் செல்ல, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகத் துணியாமல் வந்து சேர்ந்தேன். அன்றுமுதல் சாலைக்கு ஒரு தொகுதி, தடத்துக்குத் தனி ரிம்களில் ஒரு தொகுதி என்று பிரித்துவிட்டேன். தட நாள்கள் ஆண்டுக்குப் பத்தைத் தாண்டினால் நீங்களும் அப்படிச் செய்யலாம். அப்போது நண்பர்கள் சொல்லும் 200 வகையைத் தாராளமாக வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் சுமைக் குறியீட்டைப் பார்க்க மறக்க வேண்டாம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670 கிலோ. காருக்கு விதித்திருப்பதைவிடக் குறைந்த குறியீடு கூடாது.

கேள்வி: என்னுடையது முன்சக்கர இயக்கக் கார். முன்னால் மட்டும் பிடிப்பு அதிகமுள்ள டயர்களைப் போட்டுப் பின்னால் பழையவற்றையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வளைவில் முன்பகுதி பிடித்துத் திரும்ப, பின்பகுதி பிடியின்றி வெளியே வீசப்படும். நீங்கள் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னே சாய்ந்து நிலைமை இன்னும் மோசமாகும். நனைந்த சாலையில் இது சாதாரண வேகத்திலேயே நிகழக்கூடியது. நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும்.

கேள்வி: புதிய டயர்களுடன் தடத்தில் இறங்கினேன். முதல் மூன்று சுற்றுகள் அருமையாக இருந்தன. ஐந்தாவது சுற்றில் பனிக்கட்டியில் ஓட்டுவதுபோல் வழுக்கியது. டயரில் குறையா?

பதில்: பெரும்பாலும் குறை காற்றழுத்தத்தில் இருக்கும். 25 டிகிரியில் 28 பிஎஸ்ஐ காற்று அடித்த டயரின் உள்ளே வெப்பம் 75 டிகிரியை எட்டினால் அழுத்தம் தானாகவே 35 ஆகிவிடும். கதவோரத் தகட்டில் உள்ள 33-ஐ அப்படியே அடித்துக்கொண்டு இறங்கியிருந்தால் 40-ஐத் தாண்டியிருப்பீர்கள். டயர் பலூன்போல் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். அந்தச் சிறு பரப்பே முழுச் சுமையையும் ஏற்று மேலும் சூடாகும். ரப்பர் கலவை ஒரு குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள்தான் நன்றாகப் பிடிக்கும். எல்லை கடந்தால் மேற்பரப்பு குழைந்து வழுக்கத் தொடங்கிவிடும்.

நல்ல அழுத்தமானி ஒன்றை வாங்குங்கள். நான்கைந்து சுற்றுகள் முடிந்ததும், டயர் ஆறும் முன்பே பிட்டில் நிறுத்தி, நான்கையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல சாலைக் கார்களுக்குச் சூட்டில் 32 முதல் 36 வரை தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம்; சரியான எண்ணை உங்கள் காரும் டயரும்தான் காட்டித்தர வேண்டும். வலப்பக்க வளைவுகள் மிகுந்த தடத்தில் இடப்பக்க டயர்களே அதிகம் சூடாகும் என்பதால், குளிர்ந்த நிலையில் அவற்றில் சற்றுக் குறைவாக வைத்துத் தொடங்க வேண்டியிருக்கும்.

சாக்பீஸ் ஒன்று பையில் இருந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். பட்டனின் வெளி ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை குறுக்காக ஒரு கோடு இழுத்துவிட்டுச் சில சுற்றுகள் ஓட்டிவிட்டு வாருங்கள். பட்டன் பகுதியில் மட்டும் கோடு அழிந்திருந்தால் நல்லது. பக்கச்சுவரின் எழுத்துகள் வரை அழிந்திருந்தால் வளைவில் டயர் மடிந்து புரள்கிறது; காற்று போதவில்லை, அல்லது கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், போதவில்லை. கேம்பர் குறைவான கார்களில் வெளி ஓரம் ஒரே நாளில் தேய்ந்து, உள் ஓரம் புதிதுபோல் மீந்திருப்பதை நிறையப் பார்க்கலாம். அலைன்மென்ட் செய்யும்போது நெகட்டிவ் கேம்பரை, அதாவது சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கம் சாய்வதை, கூட்ட இடமிருந்தால் கூட்டச் சொல்லுங்கள். டயரின் ஆயுள் கண்கூடாக நீளும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்றைத் திரும்ப அடித்தே ஆக வேண்டும். சூட்டில் 32-க்கு இறக்கிய டயர் ஆறியதும் 25-க்கு வந்துவிடும். அந்த நிலையில் நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்றால் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து உள்ளேயே சூடாகி, வெடிக்கும் நிலைவரை போகலாம்.

கேள்வி: நான் தேடிய டயர் பழைய இருப்பில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஒருமுறைகூடப் பூட்டாதது. வாங்கலாமா?

பதில்: பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூட்டாமல் கிடந்தாலும் ரப்பர் மெல்ல இறுகிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் பணம் கொடுப்பது மென்மையான அந்தக் கலவைக்காகவே என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளைக் கடந்ததை நான் வாங்க மாட்டேன். தடத்தில் ஓட்டிக் கழித்த டயர் என்றால் இன்னும் கவனம் தேவை: ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ரப்பர் சிறிது கெட்டிப்படுகிறது. பட்டன் உயரம் நிறைய இருக்கிறதே என்று மயங்காமல், பள்ளத்தின் ஓரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பரில் நகம் பதிந்து, தடம் மெல்ல மறையும்; இறுகியதில் பதியவே பதியாது.