தென்னாப்பிரிக்க வெள்ளையர்: ஆட்சி போன பிறகு (கேள்வி பதில்)

கேள்வி: 1994-இல் ஆட்சியைக் கொடுத்தபோது கையில் எதையும் பிடித்துக்கொள்ளவில்லையா சார்?

பிடித்துக்கொண்டார்கள், ஆனால் கெடுவோடு. கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோ 1992-இல் சொன்ன யோசனை அது: சில ஆண்டுகள் கூட்டாட்சி, பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உத்தரவாதம். இடைக்கால அரசியல் சட்டப்படி 400 இடங்களில் 20 பிடித்த கட்சிக்கு அமைச்சரவையில் பங்கு. 80 பிடித்தால் துணை அதிபர் பதவி. நிறவெறி ஆட்சி நடத்திய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது 82. அதன் தலைவரும் கடைசி வெள்ளை அதிபருமான டி கிளார்க் துணை அதிபரானார். 1996-இல் கட்சியோடு வெளியேறியும் விட்டார். என்னைக் கேட்டால், அந்தப் பதவியைவிட ஊழியர் உத்தரவாதம்தான் பெரிய விஷயம். துப்பாக்கியும் கோப்பும் கையில் இருந்தவர்கள் முரண்டு பிடிக்காமல் இருக்க அது உதவியது.

கேள்வி: நம் ஊர் தனித்தொகுதி போல அவர்களுக்கும் ஒதுக்கியிருக்கலாமே?

ஜிம்பாப்வேயில் ஒதுக்கிப் பார்த்தார்கள். 1980-இல் 100-க்கு 20. ஆனால் நம் தனித்தொகுதியில் எல்லாச் சாதியாரும் ஓட்டுப் போடுகிறார்கள்; அங்கே வாக்காளர் பட்டியலே தனி. கறுப்பர் ஓட்டு ஒன்றுகூடத் தேவையில்லை என்றால் எந்த வேட்பாளர் மாறுவார்? பழைய வெள்ளையர் ஆட்சியின் பிரதமர் இயன் ஸ்மித்தின் கட்சி இருபதையும் வாரியது. 1987-இல் அந்த இடங்களை ஒழித்தார்கள். தென்னாப்பிரிக்கா இந்த வழிக்கே போகவில்லை. விகிதாசார முறை, குறைந்தபட்ச வரம்பு கிடையாது. சுமார் 0.25% ஓட்டுக்கு ஓர் இடம். ஆப்பிரிக்கானர் (டச்சு வழிவந்த, ஆப்பிரிக்கான்ஸ் பேசும் வெள்ளையர்) கட்சியான ஃப்ரீடம் ஃப்ரன்ட் பிளஸ் 2004-இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி 4 இடம் பெற்றது. கத்துவதற்குச் சபையில் இடம் உண்டு, முட்டுக்கட்டை போட வழியில்லை.

கேள்வி: அந்தத் தேசியக் கட்சி இப்போது எங்கே?

இல்லை. 1994-இல் 20.4%, 1999-இல் 6.9%, 2004-இல் 1.7%. மறு ஆண்டு கலைந்து மண்டேலாவின் கட்சியான ஏ.என்.சி.யோடு சேர்ந்தது, நிறவெறிச் சட்டங்களை எழுதிய கட்சிக்கு இப்படி ஒரு முடிவு! வெள்ளையர் ஓட்டு ஜனநாயகக் கூட்டணிக்கு நகர்ந்தது. 2024-இல் அதற்கு 21.8%, இப்போது அமைச்சரவையிலும் இருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் 7.3%தான், ஆகவே மற்றவர் ஓட்டு இல்லாமல் அந்த எண்ணிக்கை வராது.

கேள்வி: அரசியலை விடுங்கள். தெருவில், வீட்டில் எப்படிச் சமாளித்தார்கள்?

பள்ளிக்கூடத்தைப் பாருங்கள், எல்லாம் அங்கே தெரியும். 1996 பள்ளிச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு நிர்வாகக் குழு. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. பயிற்று மொழி, சேர்க்கை விதி இரண்டும் குழுவின் கையில். பெற்றோர் கூட்டத்தில் வரவுசெலவை வைத்து, வந்தவர்களில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் கட்டணம் விதிக்கலாம். அந்தப் பணத்தில் கூடுதல் ஆசிரியர்களை வைத்துக்கொள்ளலாம். இதனால் அரசுப் பள்ளியாகவே இருந்துகொண்டு வகுப்பில் கூட்டமில்லாமல் நடத்த முடிந்தது. நிறத்தைச் சொல்லி யாரையும் தடுக்க முடியாது. கட்டணமும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியும் அந்த வேலையில் பாதியைச் செய்தன.

சிக்கல் எங்கே வந்தது? எர்மெலோ ஊரில் ஆப்பிரிக்கான்ஸ் பள்ளியில் அறைகள் காலி. ஆங்கிலவழி கேட்ட கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. 2009-இல் அரசியல் சட்ட நீதிமன்றம், அரசு முறைப்படி நடக்கவில்லை என்று கண்டித்தது. குழுவையும் மொழிக் கொள்கையை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 2024 சட்டத் திருத்தம் இறுதி முடிவை மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்குக் கொடுத்துவிட்டது. இன்றைய சண்டை அதைப் பற்றித்தான்.

கேள்வி: அந்த அரசியல் சட்டத்தில் தமிழ் இருக்கிறதாமே?

ஆமாம், 6-ஆம் பிரிவில். ஆட்சிமொழியாக அல்ல, மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாக.

கேள்வி: ஆப்பிரிக்கானர் மட்டுமே வாழும் ஒரானியா ஊர் பற்றிச் சொல்லுங்கள். சட்டவிரோதம் இல்லையா?

நார்தர்ன் கேப்பில், அணைத் திட்டத் தொழிலாளர்கள் விட்டுப்போன ஊரை 1990-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கானர் சிலர் விலைக்கு வாங்கினார்கள். நிலம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. வீடு வாங்குவது பங்கு வாங்குவதுதான். அதற்கு முன் நேர்காணல் உண்டு. தோட்டம், கட்டட வேலை, குப்பை எல்லாம் அவர்களே செய்ய வேண்டும். கறுப்பர் உழைப்பை நம்பித்தான் பழைய ஆட்சி விழுந்தது என்பது அவர்கள் வாதம். அரசியல் சட்டத்தின் 235-ஆம் பிரிவைக் காட்டிச் சுயநிர்ணய உரிமை கோருகிறார்கள். ஆனால் அந்தப் பிரிவு தானாக எதையும் தருவதில்லை, நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டும். இதுவரை போடவில்லை. வசிப்பவர்கள் சில ஆயிரம் பேர். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளையரில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.