ஆபீசுக்கு ஸ்போர்ட்ஸ் காரில் போகலாமா?

கேள்வி: அண்ணா, லண்டன் ஹாரோவில் இருக்கிறேன், வயது 31. வேலை ஸ்லவ்வில், வாரத்தில் நான்கு நாள் போக வேண்டும், போக வர 30 மைல். கையில் நாலாயிரம் பவுண்டு சேர்த்து வைத்திருக்கிறேன். செகண்ட்ஹேண்டில் இரண்டே சீட் உள்ள ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி அதையே தினமும் ஓட்டலாம் என்று ஆசை. மனைவியிடம் ஒரு பழைய ஹேட்ச்பேக் இருக்கிறது. அவர், "வருஷம் பூரா மழை பெய்யிற ஊர்ல துணிக்கூரை காரா?" என்கிறார். நண்பர்கள், சனி ஞாயிறுக்கு மட்டும் வைத்துக்கொள் என்கிறார்கள். நீங்கள் அந்த வண்டியைத்தான் ஓட்டுவதாக முன்பு ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி மனைவியிடம் ஹேட்ச்பேக் இருக்கிறது என்பதுதான். அது இருக்கும்வரை தாராளமாக வாங்கலாம், தினமும் ஓட்டலாம். அதையும் விற்றுவிட்டு இது ஒன்றையே வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் வேண்டாம். ஏன் என்பதை ஹீத்ரோவுக்கு யாரையாவது கூப்பிடப் போகும் அன்று தெரிந்துகொள்வீர்கள். ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டியோடு வரும் மாமனாரை இந்த வண்டியில் ஏற்றினால் பெட்டி டாக்சியில்தான் வரும்.

நான் ஓட்டுவது 2008 மாடல், 2 லிட்டர் இன்ஜின், ஏழு வருடமாக எட்ஜ்வேரிலிருந்து வேலைக்கு அதில்தான் போய் வருகிறேன். இந்தக் கார் முதலில் வந்தது 1989இல், சிகாகோ ஆட்டோ ஷோவில். பழைய பிரிட்டிஷ் இரண்டு சீட் வண்டிகளின் சாயலை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கே உரிய எண்ணெய் ஒழுகலையும் நடு ரோட்டில் நிற்கும் குணத்தையும் விட்டுவிட்டு ஜப்பான்காரர்கள் செய்தது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி ஆலையை விட்டு வெளியே வந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை விற்ற வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்காமல் போகாது, மெக்கானிக்குக்கும் அது புதுசாக இருக்காது. தினமும் ஓட்டுகிறவனுக்கு இது குதிரைசக்தியைவிடப் பெரிய விஷயம்.

குதிரைசக்தி என்றதும் ஞாபகம் வருகிறது, நண்பர்கள் "160தானே, என் டீசல் ஆடியிலேயே அவ்வளவு இருக்கே" என்பார்கள். சொல்லட்டும். வண்டியின் எடை ஏறத்தாழ 1,100 கிலோதான், பின்சக்கர இழுவை, கியர் குச்சியை மணிக்கட்டை அசைத்தாலே மாற்றலாம். லண்டனில் பாதித் தெருக்கள் 20 மைல் வேகத்துக்கு வந்துவிட்டன. முந்நூறு குதிரைசக்தி வைத்திருப்பவர் அந்தத் தெருவில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், நமக்கு வீட்டுப் பக்கத்து ரவுண்டபவுட்டில் இரண்டாவது கியரில் 20 மைலில் திரும்பும்போதே சந்தோஷம் வந்துவிடும். உரிமம் போகாமல், போலீஸ் பார்க்காமல், ஒரு நாளைக்கு நான்கு ரவுண்டபவுட். சனி ஞாயிறுக்கு மட்டும் என்று மூடி வைத்தால் அந்த இரண்டு நாளும் மழை பெய்யும், இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது பிறந்தநாள் இருக்கும். ஓடாமல் நிற்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கும், சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பர் இறுகும். இந்த வண்டிக்குப் பின் கேலிப்பர் இறுகுவது ஒரு குறை, தினமும் ஓடினால் கொஞ்சம் தள்ளிப்போகும்.

இப்போது எந்த வருடத்து வண்டி என்பதற்கு வருவோம், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கண்ணுக்கு அழகு என்று 1990களின் முதல் தலைமுறையையோ அதற்கடுத்ததையோ வாங்கிவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோவுக்கும், அதாவது மாநகரின் எல்லாப் பகுதிக்கும், அதிகம் புகை கக்கும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் திட்டம் வந்துவிட்டது. யூரோ 4 என்ற புகை அளவுத் தரத்துக்குக் கீழே உள்ள பெட்ரோல் வண்டியை ஓட்டினால் நாளுக்கு 12.50 பவுண்டு. நீங்கள் வாரம் நான்கு நாள், வருடத்தில் 46 வாரம் போகிறீர்கள் என்று வைத்தாலும் 2,300 பவுண்டு, வண்டி விலையில் பாதிக்கு மேல். 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் பணம் கொடுப்பதற்கு முன் பதிவு எண்ணைப் போட்டு அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்னொரு லாபம், பழைய இரண்டு தலைமுறைக்கும் டைமிங் பெல்ட், 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்றாம் தலைமுறையில் செயின், ஆயில் ஒழுங்காக மாற்றினால் போதும்.

அதே அரசு தளத்தில் எம்ஓடி எனும் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையின் வரலாறும் இலவசமாகக் கிடைக்கும். தேர்ச்சி பெற்றதா இல்லையா என்பதோடு நிறுத்தாமல் அட்வைசரி எனப்படும் எச்சரிக்கைக் குறிப்பு வரிகளை நிதானமாகப் படியுங்கள். "சில் (கதவுக்குக் கீழ் விளிம்பு) பகுதியில் லேசான துரு" என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதி நான்காவது வருடம் அந்த வரியைக் காணோம் என்றால், வெல்டிங் செய்தார்களா அல்லது கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்தார்களா என்று கேட்க வேண்டும். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே இருக்கும் அந்த விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். கொப்புளம் மாதிரி மேடாக இருந்தால் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். இந்த ஊரில் குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு வண்டிக்கு ஆகாது. நான் நவம்பருக்கு முன் அடிப்பகுதிக்கு மெழுகு அடித்துவிடுவேன், வருடா வருடம்.

மழையைப் பற்றி. உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் மேலே இருக்கும் கூரையைவிடக் கீழே இருக்கும் ஓட்டையைக் கவனிக்க வேண்டும். கூரையில் விழும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால், சீட் பெல்ட் தூண் பக்கத்தில் இரண்டு புறமும் உள்ள வடிகால் வழியாகக் கீழே போகும். அதில் இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் உள்ளே வரும். எனக்கு இரண்டாம் வருடம் இது நடந்தது. காலையில் உட்கார்ந்தால் ஷூவுக்கு அடியில் கார்பெட் சொதசொத என்கிறது, கண்ணாடி எல்லாம் உள்பக்கம் வியர்த்திருக்கிறது, ஈரத்துணியை மூடி வைத்த வாளி வாசனை. ஒரு கராஜில் காட்டினேன், கூரையையே மாற்ற வேண்டும் என்று 900 பவுண்டு சொன்னார்கள். நம்பி முன்பணம் கொடுக்கப் போனவன்தான், அன்றைக்குக் கார்டு வீட்டில் மறந்துவிட்டதால் தப்பித்தேன். அப்புறம் புல்வெட்டும் மெஷினில் போடுகிற நைலான் கம்பியை ஒரு முழம் வெட்டி அந்த வடிகாலுக்குள் விட்டுக் குத்தினேன். கறுப்பாக, தேயிலைச் சக்கை மாதிரி ஒரு பிடி வந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன், பின்சக்கரத்துக்கு முன்னால் கடகடவென்று வெளியே கொட்டியது. அவ்வளவுதான் பிரச்சினை. இன்றைக்கும் அதே கூரைதான் இருக்கிறது. அக்டோபரில் இலை உதிரும்போது ஒன்று, தை மாதம் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன்.

மெல்லிய கூரை என்பதால் எம்4 நெடுஞ்சாலையில் 70 மைலில் போகும்போது காற்றுச் சத்தம் காதை அடைக்கும், போனில் அம்மாவிடம் பேச முடியாது. சிலருக்கு அதுவும் ஒரு வசதி. பெட்ரோல் எனக்கு காலனுக்கு 34 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர். டாங்க் 50 லிட்டர், உங்கள் தூரத்துக்கு மூன்று வாரம் தாங்கும்.

டயரில் சிக்கனம் வேண்டாம். கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப்போகும், பின்சக்கர இழுவை வண்டியில் ஈர ரவுண்டபவுட்டில் அதன் விளைவு உங்களுக்கு முன்னால் உங்கள் பின்பக்கத்துக்குத் தெரியும். ஆல்சீசன் டயர் போடுங்கள். 17 அங்குல சக்கரம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இங்கே சாலையில் இருக்கும் பள்ளங்களுக்கு 16தான் முதுகுக்கு நல்லது. ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டும் திரவமும் ஒரு சின்ன பம்ப்பும்தான் கொடுத்திருப்பார்கள், அந்தத் திரவம் காலாவதி ஆகியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது வேலைக்குப் போய்வருவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பத்து இருபது பவுண்டு மிச்சம் பிடிக்க அதை மறைத்தால் விபத்து நாளில் கை விரித்துவிடுவார்கள்.

டிக்கி 150 லிட்டர். இருபது கிலோ அரிசி மூட்டை படுக்க வைத்தால் போகும், மேலே காய்கறிப் பை இரண்டு வைக்கலாம். ஆழம் இருக்கிறது, வாய் சின்னது, அதனால் கெட்டியான பெட்டி நுழையாது, துணிப்பை நுழையும். ஈலிங் ரோட்டில் வாரச் சாமான் வாங்க இது போதும். தீபாவளிக்கு முந்தின வாரம் போதாது.

கேள்வி: குழந்தை பிறக்கப் போகிறது. எம்எக்ஸ்-5ஐ விற்க மனசில்லை. என்ன செய்யலாம்? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

பதில்: வாழ்த்துகள். சின்னக் குழந்தையைப் பின்னோக்கி உட்கார வைக்கும் இருக்கையை முன்சீட்டில் வைத்தால் அந்தப் பக்கத்து ஏர்பேக்கை அணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சட்டப்படி குற்றம். உங்கள் வண்டியில் அணைக்க வழி உண்டா என்று கையேட்டைப் பாருங்கள். இருந்தாலும் மனைவி எங்கே உட்காருவார்? வீட்டில் வேறு கார் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விற்றுவிட்டு டொயோட்டா ஜிடி86 பக்கம் பாருங்கள், 2012இல் வந்தது, 2 லிட்டர், 200 குதிரைசக்தி, பின்னால் இரண்டு சீட். பெரியவர்கள் உட்கார அது பேருக்குத்தான் சீட், குழந்தை இருக்கைக்கு ஆகும், ஆனால் இரண்டு கதவு வண்டியில் தூங்கும் குழந்தையைக் குனிந்து எடுக்க இடுப்பு ஒத்துழைக்க வேண்டும். பின்சீட்டை மடித்தால் நான்கு சக்கரத்தை உள்ளே வைக்கலாம், ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்களுக்காக அப்படிச் செய்தார்கள். நீங்கள் டயப்பர் மூட்டை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சார், நான் கோயம்புத்தூர். நம்ம ஊரில் இந்த மாதிரி விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஏன் இல்லை?

பதில்: மாஸ்டா இந்தியாவில் கடையே போடவில்லை, இறக்குமதி செய்தால் வரி சேர்ந்து "விலை குறைந்த" என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விடும். ஆனால் உங்கள் ஊர்க்காரர்களே ஒன்று செய்தார்கள். கோவை ஜெயம் நிறுவனமும் டாட்டாவும் சேர்ந்து 2018இல் டியாகோ ஜேடிபி என்று கொண்டுவந்தார்கள், 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைசக்தி, விலை ஏழு லட்சத்துக்குள். ஐந்து பேர் உட்காரலாம், டிக்கி உண்டு, தினமும் ஓட்ட அதைவிட என்ன வேண்டும். ஜனம் வாங்கவில்லை, இரண்டு வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம். நல்ல நிலையில் ஒன்று கண்ணில் பட்டால், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். புதிதாக வேண்டும் என்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்கிற ஐ20 என்லைன், 120 குதிரைசக்தி டர்போ, உங்களுக்குப் போதும்.

இன்னொரு கொசுறு. 1960களில் சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நினைவிருக்கிறதா, தாத்தாக்கள் குடும்பத்தோடு போன கார். அதே ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நாம் குடும்பக் காரோடு நிறுத்திக்கொண்டோம்.

கேள்வி: வயதானவர்கள் இவ்வளவு தாழ்வான காரில் ஏற முடியுமா? (ஈஸ்ட் ஹாம்)

பதில்: கார் உயரமே ஒன்றேகால் மீட்டர்தான், பக்கத்தில் லாரி நின்றால் அதன் சக்கர நட்டு நம் கண் மட்டத்தில் இருக்கும். கூரை மூடியிருந்தால் தலை, தோள், முழங்கால் என்று ஒவ்வொன்றாக மடக்கி உள்ளே போக வேண்டும். திறந்துவிட்டால் கதை வேறு. போன கோடையில் திருநெல்வேலியிலிருந்து வந்த என் அத்தைக்கு 68 வயது, முழங்கால் வலி. கூரையை இறக்கினேன், ஒரே கொக்கிதான், சீட்டில் இருந்தபடியே கையால் பின்னால் தள்ளிவிடலாம். அத்தை முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, திண்ணையில் உட்காருவது போல உட்கார்ந்து, அப்புறம் காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். ஏ40இல் முந்தானை பறந்தது, இடுப்பில் சொருகிக்கொண்டு, "ஏலே, இன்னும் கொஞ்சம் வெரசலா போயேன்" என்றார். இறங்கும்போதுதான் கஷ்டம், இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினோம்.