நியூட்டனுக்கு எத்தனை ஓட்டு?

வணக்கம். நான் சதுரங்கம் கற்றுத்தருகிறவன். ஒரு பையன் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்வதை, பக்கத்தில் இருப்பவன் மாதக்கணக்கில் முயன்றாலும் பிடிப்பதில்லை. இதைத் தினமும் பார்த்துக்கொண்டு ‘மனிதர் எல்லோரும் சமம்’ என்று எப்படிச் சொல்வது? யார் மனமும் நோகக் கூடாதென்று சொல்லும் நல்ல பொய்தானே அது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த இரண்டு பையன்களும் சதுரங்கத்தில் சமமில்லை. அதை மறைக்கவும் வேண்டாம். தோற்றவனுக்கே நன்றாகத் தெரியும். சமத்துவம் பேசுவது வேறொன்றைப் பற்றி: திறமை கூடியவனுக்கு அடுத்தவன்மேல் அதிகாரம் உண்டா?

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1809இல் ஒரு கடிதத்தில் இதைத் தொட்டார். நியூட்டன் அறிவில் மற்றவர்களை விஞ்சியவர் என்பதற்காக, அவர்களுடைய உடலுக்கும் உடைமைக்கும் எஜமானர் ஆகிவிடவில்லை என்றார். (எழுதியவர் சாகும்வரை அடிமைகளை வைத்திருந்தார். வாக்கியம் அவரைவிட யோக்கியமானது.)

பிரிட்டனில் உங்கள் சந்தேகம் சட்டமாகவே இருந்தது. பல்கலைக்கழகப் பட்டதாரிகள், தாங்கள் வசிக்கும் தொகுதியில் ஓர் ஓட்டும், பட்டதாரிகளுக்கென்றே இருந்த பல்கலைக்கழகத் தொகுதியில் இன்னொன்றும் போட முடிந்தது. 1948இல் வந்த சட்டம்தான் அதை ஒழித்தது. படித்தவர் கூடுதலாக யோசிப்பார், அதனால் கூடுதல் ஓட்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டு என்ன, அறிவுக்குத் தரும் பரிசா? போர் மூண்டால் படிக்காதவன் பிள்ளையும்தான் போகிறான். வரி போட்டால் அவனும்தான் கட்டுகிறான். தன் தலையில் வந்து விழும் முடிவில் அவன் பேச்சுக்குப் பாதி மதிப்பு என்றால் எப்படி?

அறுவை சிகிச்சைக்குக் கைதேர்ந்த டாக்டரைத்தான் தேடுவோம், சரி. அது வேலையை யாரிடம் கொடுப்பது என்கிற விஷயம்.

அப்புறம், எதில்தான் சமம் என்று கேட்பீர்கள். பகுத்தறிவில் என்று தத்துவவாதிகள் பலர் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. மறதி நோய் முற்றி, பெற்ற மகளையே அடையாளம் தெரியாத முதியவரிடம் அது எவ்வளவு மிச்சம் இருக்கும்? அதற்காக, அவருக்கு உடை மாற்றும்போது கதவைச் சாத்த வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நமக்குச் சுருக்கென்கிறது. அவருக்கும் கூசும், வலிக்கும். அவர் வாழ்க்கையை அவருக்குப் பதிலாக இன்னொருவர் வாழ்ந்துவிட முடியாது. இந்த இடத்தில் அவருக்கும் ஒரு கிராண்ட்மாஸ்டருக்கும் நடுவே எந்த ஏற்றத்தாழ்வையும் என்னால் காட்ட முடியவில்லை. உங்களால் முடிந்தால் எழுதுங்கள்.