டெஸ்டர் எரியலைன்னா மெஷின் சேஃபா?

கேள்வி: கிரில் பட்டறை வச்சிருக்கேன், ஆறு பேர் வேலை பாக்குறாங்க. பழைய இரும்பு பாடி டிரில்லிங் மெஷின தொட்டா சுர்ருங்குது, டெஸ்டர்ல ஒரு நேரம் மங்கலா எரியுது, ஒரு நேரம் எரியவே இல்ல. கை மெஷினையெல்லாம் எப்படி செக் பண்றது?

பதில்: முதல்ல அந்த டிரில்ல பிளக்க உருவி, யார் கைக்கும் எட்டாம வைங்க சார். ரப்பர் செருப்போட பலகை மேல நின்னா டெஸ்டர் ஒழுங்கா எரியாது. அது போக, எர்த் ஒயர் அறுந்து கிடந்தா டெஸ்டர் சொல்லவே சொல்லாது, நமக்கு வேண்டியதே அதுதான்.

மீட்டர் எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணும் கையும் போதும், பாதி கோளாறு அதுலயே மாட்டும். பிளக்க உருவிட்டு ஒயர முழுசா கையில தடவிட்டே வாங்க, மெஷினுக்குள்ள நுழையுற இடமும் பிளக்குக்குள்ள நுழையுற இடமும்தான் மடங்கி மடங்கி விட்டுப்போகும். டேப் சுத்தி ஓட்டுறதெல்லாம் வேண்டாம், ஒயரையே மாத்துங்க. பிளக்க திறந்தும் பாருங்க, பச்சை ஒயர் பெரிய தடி பின்லதான் இருக்கணும், பச்சைய ஃபேஸ்ல மாட்டி வச்சிருந்த பிளக்க நானே பாத்திருக்கேன்.

அப்புறம் மல்டிமீட்டர்ல பீப் மோட், ஒரு முனை எர்த் பின்ல, இன்னொன்னு பெயின்ட் இல்லாத ஸ்க்ரூ தலையில. பீப் வந்துருச்சேன்னு விட்றாதீங்க, ஒத்த கம்பி ஒட்டிட்டு இருந்தாலும் பீப் வரும், அதனால ஒயர ஆட்டிக்கிட்டே பாருங்க, விட்டு விட்டு கத்துனா ஒயர் போச்சு.

ஆங்கிள் கிரைண்டர்ல பெரும்பாலும் சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருக்கும், அது டபுள் இன்சுலேஷன், அதாவது ரெண்டு அடுக்கு காப்பு, எர்த் கிடையாது, தேடாதீங்க. ஆனா இரும்புத் தூளும் கார்பன் தூளும் உள்ள போய் படிஞ்சா கரண்ட் லீக் ஆகும், அத மெக்கர்லதான் (அதிக வோல்ட் விட்டு காப்பு சரியா இருக்கான்னு பாக்குற மீட்டர்) பிடிக்கலாம், மல்டிமீட்டர் பேட்டரிக்கு அந்த வோல்ட் கிடையாது. 500 வோல்ட் மெக்கர், ஃபேஸ் நியூட்ரல் பின் ரெண்டையும் சேத்து ஒரு முனை, இரும்பு பாகத்துல மறுமுனை, மெஷின் சுவிட்ச் ஆன்ல இருக்கணும், இல்லைன்னா மோட்டார் காயில செக் பண்ணாத மாதிரிதான். எர்த் உள்ளதுக்கு 1 மெகா ஓம், டபுள் இன்சுலேஷனுக்கு 2, அதுக்கு கீழ போனா ரிப்பேர்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவைன்னா, ஓட்டுறவர் தினமும் காலையில ஒரு பார்வை, மீட்டர் செக் உங்க மாதிரி பட்டறைக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா பண்ணலாம்ங்கறது என் கணக்கு. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா தானா லைன கட் பண்ற சுவிட்ச்) இல்லைன்னா போட்ருங்க, டெஸ்ட் பட்டன அப்பப்போ அமுக்கி பாருங்க.

டிரில்ல எல்லாம் சரியா இருந்தும் சுர்ருன்னா, சாக்கெட்ல எர்த் வருதான்னு எலக்ட்ரீஷியன விட்டு பாக்க சொல்லுங்க, எர்த் பிட்டோட (தரையில எர்த் புதைச்ச குழி) தொடர்பு போயிருந்தா அதே லைன்ல இருக்கற வேற மெஷினோட லீக் கூட இதுல வந்து அடிக்கும்.