பிஸ்கட்டும் பீரங்கியும்

கேள்வி: என் மகன் மெல்பர்னில் இருக்கிறான். 1915-ல் துருக்கியிடம் தோற்றுப்போன ஒரு சண்டைக்காக ஏப்ரல் 25 அன்று அங்கே அரசு விடுமுறையாம். விடிவதற்குள் எழுந்து போய்க் கூட்டமாக நிற்கிறார்களாம். அப்புறம் வீட்டுக்கு வந்து ‘ஆன்சாக் பிஸ்கட்’ சாப்பிடுகிறார்களாம். தோல்வி எப்படி சார் ஒரு நாட்டின் அடையாளமாகும்? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தோல்வி எங்கேயும் ஓடிவிடாது. பிஸ்கட்டை முதலில் பார்ப்போம்; உங்கள் மகன் சொன்னதைவிட அது சுவாரசியமான சமாசாரம்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து அனுப்பிய படையின் பெயர்ச் சுருக்கம்தான் ‘ஆன்சாக்’. ஆஸ்திரேலியாவில் 1921-ல் போட்ட விதி ஒன்று அந்தப் பெயருக்குக் காவல் நிற்கிறது. அமைச்சரின் அனுமதி இல்லாமல் அதைக் கடைப் பலகையில் எழுத முடியாது, சரக்கின் மேல் ஒட்ட முடியாது. மீறினால் கம்பி எண்ணக்கூட நேரலாம். பிஸ்கட்டுக்கு மட்டும் சலுகை, அதற்கும் நிபந்தனை. ஓட்ஸ், மாவு, வெண்ணெய், தேங்காய்த் துருவல், கோல்டன் சிரப் என்ற பழைய பக்குவத்தில் கைவைக்கக் கூடாது. ‘ஆன்சாக் குக்கி’ என்றும் பெயர் போடக் கூடாது. குக்கி என்றால் அமெரிக்க வாடை அடிக்கிறதாம். முந்திரி பதித்து, சாக்லேட்டில் முக்கி, ‘ஸ்பெஷல் ஆன்சாக்’ என்று விற்க ஆசைப்படுகிறவர் அடுப்பைப் பற்றவைக்கும் முன் வக்கீலைப் பார்ப்பது நல்லது.

இதே சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? கட்டபொம்மன் பெயரில் சலூன் வைத்தவர், பட்டாசுக் கடை வைத்தவர், கபடிக் குழு நடத்துகிறவர் எல்லாரும் மந்திரி வீட்டு வாசலில் வரிசை கட்டுவார்கள். மந்திரியின் பி.ஏ. இரண்டாவது மாடி எழுப்பிவிடுவார். நாம்தான் பஸ்ஸிலேயே எழுதிப் பார்த்தவர்களாயிற்றே! கட்டபொம்மன் பெயரில் போக்குவரத்துக் கழகம் ஓடியவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருடைய தளபதி சுந்தரலிங்கம் பெயரில் 1997-ல் ஒன்று தொடங்கியதும் சாதிக் கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் பெயர்களை எடுத்தது. ஒரு பாவமும் அறியாத சேரன், சோழன், பாண்டியன் மூவரும் சேர்ந்து டெப்போவை விட்டு இறங்கினார்கள்.

சரி, முதல் உலகப் போரில் அந்தத் தோல்வி நடந்த துருக்கிக் கரைக்கு, கலிப்போலிக்கு, வருவோம். உங்கள் மகன் தின்கிற பிஸ்கட்டைச் சிப்பாய்கள் அங்கே கண்ணால் பார்த்தார்களா என்பதே சந்தேகம். அவர்களுக்குக் கிடைத்த ரேஷன் பிஸ்கட்டுக்கு ‘ஆன்சாக் ஓடு’ என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். பல் போய்விடுமே என்று பயந்து, அதைப் பொடித்துக் கஞ்சி காய்ச்சினார்கள். சிலர் அதன் மேலேயே கடிதம் எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

1915 ஏப்ரல் 25 விடியலில் கரையேறிய அந்தப் படையால் எட்டு மாதமாகியும் மலைச்சரிவைத் தாண்ட முடியவில்லை. ஆஸ்திரேலியர் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். பிரிட்டனுக்கு இழப்பு அதைவிடப் பல ஆயிரம் அதிகம். துருக்கியர் தரப்பில் 80,000-க்கு மேல். இவ்வளவு பெரிய படையெடுப்பில் ஒழுங்காக நடந்த ஒரே வேலை, டிசம்பரில் திரும்பி வந்ததுதான். ஆள் போனது எதிரிக்குத் தெரியக்கூடாது. எனவே காலியான பதுங்குகுழியில் துப்பாக்கி தானாகச் சுட வேண்டும். வில்லியம் ஸ்கரி என்ற இளைஞர் அதற்கு வழி சொன்னார். மேலே ஒரு டின்னில் தண்ணீர், அதன் அடியில் பொத்தல். கீழே ஒரு காலி டின், அதிலிருந்து துப்பாக்கி விசைக்கு ஒரு கயிறு. சொட்டுச் சொட்டாகக் கீழ் டின் நிறைந்து கனத்ததும் கயிறு இழுபடும், துப்பாக்கி வெடிக்கும். துருக்கியர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கையில் இவர்கள் படகேறிவிட்டார்கள்.

இதைக் காவியமாக்கியது எங்கள் தொழில்காரர் ஒருவர்தான். ஆஷ்மீட்-பார்ட்லெட் என்ற இங்கிலாந்து நிருபரின் புகழ்மாலை மே 8 அன்று ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் வந்தது. ஆறு காலனிகள் சேர்ந்து ஒரு நாடாகி அப்போது பதினாலே வருஷம். எஜமான் வீட்டு ஆளே பாராட்டிவிட்டார் என்றதும் தலைகால் புரியவில்லை. சொந்த ஊர் நிருபர் சார்லஸ் பீன் எழுதியது பிந்தித்தான் அச்சேறியது. (பின்னாளில் கான்பெராவில் போர் நினைவகமே எழுப்ப வைத்து அவர் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.) ஒரு நாட்டின் பிறந்தநாளைப் பத்திரிகை ஆபீசில் முடிவு செய்ய முடியும் என்று நான் சொல்லும்போதெல்லாம் எங்கள் விளம்பரப் பிரிவுக்காரர் சிரிக்கிறார். இந்தப் பத்தியை வெட்டி அவர் மேஜையில் ஒட்டப்போகிறேன்.

அந்த நினைவகத்தில் ஒரு கழுதைக்கும் சிலை உண்டு. காயம்பட்டவர்களைக் கழுதைமேல் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்த சிம்ப்சனைத் தெரியாத பள்ளிப்பிள்ளை ஆஸ்திரேலியாவில் கிடையாது. மனிதர் பிறந்தது இங்கிலாந்தில். கப்பல் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர். ஓசியில் ஊர் போய்ச் சேரலாம் என்று பட்டாளத்தில் சேர்ந்ததாகச் சொல்வார்கள். கரையேறி ஒரு மாதம் முடிவதற்குள் குண்டடிபட்டுச் செத்தார். அதுவரை அவர் தங்கியது இந்திய மலைப்பீரங்கிப் படையின் கோவேறு கழுதைக்காரர்களோடு. அவருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பகதூர்’. அந்தப் பீரங்கிப் படையும் ஏப்ரல் 25 அன்றே இறங்கியதுதான். குன்றின் மேல் இருந்தவர்களுக்குத் தண்ணீரும் தோட்டாவும் போய்ச் சேர்ந்தது இந்தியர் ஓட்டிய கோவேறு கழுதைகளின் முதுகில். பகதூருக்குச் சிலை வந்துவிட்டது. பட்டம் கொடுத்தவர்களைத் தேடிப் புத்தகம் எழுத ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொண்டாட அவர்களிடம் ஒரு வெற்றிகூட இல்லையா என்றால், கைவசமே இருந்தது. அதுவும் நமக்கு வேண்டப்பட்ட வெற்றி. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்தி, பாதி ஊரை மூட்டை கட்ட வைத்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இருக்கிறதே, அதை நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் பக்கம் நொறுக்கிப்போட்டது ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல்தான். கலிப்போலிக்கு ஐந்து மாதம் முந்தைய கதை. எம்டனின் பீரங்கி ஒன்றைக் கொண்டுபோய் சிட்னி நகரத்து ஹைட் பார்க்கில் வைத்திருக்கிறார்கள். அதற்கு விடுமுறை இல்லை, பிஸ்கட்டும் இல்லை.

வெற்றி அவ்வளவாக உதவாது. ஜெயித்தால் பிரிட்டிஷ் கடற்படைக்கும் பங்கு கொடுக்க வேண்டும். தோல்வியில் பாகப்பிரிவினை சுலபம்: தப்பெல்லாம் லண்டன் தளபதிகளுக்கு, வீரமெல்லாம் நமக்கு. இதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. நாடு பிறந்தது துருக்கிக் கரையில் என்று வைத்துக்கொண்டால், சொந்த மண்ணில் நூறு வருஷத்துக்கு மேல் பழங்குடிகளைச் சுட்டு நிலம் பிடித்ததைப் போர்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். கான்பெரா நினைவகம் அது தன் வேலையில்லை என்றே வெகுகாலம் சொல்லிவந்தது. விரிவாகக் காட்டுகிறோம் என்று வாய்விட்டுச் சொன்னது 2022-ல். இத்தனைக்கும், பழங்குடிகள் பட்டாளத்தில் சேர 1914-ல் சட்டம் இடம் கொடுக்காதபோதும் அதைத் தாண்டி நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து போயிருந்தார்கள். போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு அரசு நிலம் பிரித்துக் கொடுத்தது. இந்தப் பழங்குடிச் சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காணி நிலம்கூட இல்லை. பிரித்துக் கொடுத்த நிலம் யாருடையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜெயித்த துருக்கிக்கும் இந்தச் சாமர்த்தியம் உண்டு. 2015-ல் கலிப்போலி நூற்றாண்டு விழாவை ஏப்ரல் 24 அன்று வைத்தார்கள். ஆர்மீனியர்கள் தங்கள் இன அழிப்பை நினைத்து அழுகிற நாள் அது. 1915-ல் அன்றுதான் இஸ்தான்புல்லில் ஆர்மீனியப் பிரமுகர்களைப் பிடித்துப்போகத் தொடங்கினார்கள். போதாததற்கு, துருக்கி அதிபர் எர்டோகன் ஆர்மீனிய அதிபருக்கே அழைப்பு அனுப்பினார். கருமாதி வீட்டுக்காரனை அதே நாள் நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட ஒரு தைரியம் வேண்டும்.

எம்டன் என்று எழுதிவிட்டேன் அல்லவா, இனி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று கடிதங்கள் வரும். ஒவ்வொரு முறையும் வருகின்றன. எம்டன் சீனக் கரையிலிருந்து கிளம்பியபோது பிள்ளை ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காக ஓடியாடிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமையே அவருக்குப் போதும். நடுக்கடலில் எந்த ஸ்டாப்பில் ஏறினார் என்று போன தடவை இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தேன். நாகர்கோவில் அன்பர் ஒருவர் பதில் போட்டார்: பிள்ளை மாறுவேடத்தில் இருந்ததால்தான் ஆவணங்களில் அவர் பெயர் இல்லையாம். இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு கிடையாது.