மார்கழி சீசன்: சண்டைக்கு வராமல் படிக்கவும்

சென்னையின் டிசம்பர் கச்சேரி சீசன் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்பவர் மயிலாப்பூர்க்காரர். பல ஆண்டுகளாகக் கச்சேரி கேட்பவர், ஒரு சபாவின் வாசலில் தொண்டராகவும் நின்றவர். "நான் சொல்வதில் பாதி என் சிநேகிதிகளுக்கே பிடிக்காது, தெரிந்துகொண்டு கேளுங்கள்" என்றுதான் ஆரம்பித்தார்.

கோவையிலிருந்து: மேடம், முதல் தடவையாக சீசனுக்கு வருகிறேன். ஒரு வாரம் லீவு. காலை எட்டு மணி லெக்-டெம்மில் (பாடிக் காட்டி விளக்கும் உரை) ஆரம்பித்து இரவுக் கச்சேரி வரை ஒரு நாளைக்கு நான்கு என்று அட்டவணை போட்டிருக்கிறேன். ஒரு சபாவிலிருந்து இன்னொன்றுக்குப் போக நேரம் போதுமா?

நேரம் போதும், காதுதான் போதாது. ஒரு நாளைக்கு ஒன்று கேளுங்கள். ரொம்ப ஆசையாக இருந்தால் மதியம் ஒன்று, மாலை ஒன்று. மூன்றாவது கச்சேரியில் யார் கல்யாணி ராகம் பாடினாலும் உங்களுக்கு ஒரே கல்யாணியாகத்தான் கேட்கும். ஜனவரியில் "நான் இத்தனை கேட்டேன்" என்று கணக்குச் சொல்கிறவர்களிடம் எந்தக் கச்சேரியில் எந்த நிரவல் (பாட்டின் ஒரு வரியையே விதவிதமாக விரித்துப் பாடுவது) நன்றாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இன்னொன்று. பெரிய பாடகர்கள் ஒரே சீசனில் ஐந்தாறு சபாக்களிலாவது பாடுகிறார்கள். மியூசிக் அகாடமியில் டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் நாரத கான சபாவிலோ கிருஷ்ண கான சபாவிலோ பிடித்துவிடலாம். தேர்ந்தெடுக்க முடிந்தால் சீசனின் முற்பகுதியில் கேளுங்கள். கிறிஸ்துமஸ் தாண்டியதும் பனி, தூசு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து பல தொண்டைகள் கம்மிப்போயிருக்கும். பக்கவாத்தியக்காரர்களில் சிலர் ஒரே நாளில் இரண்டு மேடை ஏறுகிறார்கள். அவர்களும் மனிதர்கள்தானே.

பெங்களூரிலிருந்து: முன்வரிசை டிக்கெட்டுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயமா?

வேண்டாம். முன்வரிசைகளில் பெரும்பகுதி நன்கொடையாளர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் போய்விடும். அவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள், வந்தவர்களில் சிலர் மேடையில் இருப்பவர் தங்களைப் பார்த்தாரா என்று பார்ப்பதற்காக வந்தவர்கள். சத்தமும் அங்கே சரியாக இருக்காது. ஒலிப்பெருக்கி வரிசை உங்கள் தலைக்கு மேலே பின்னால் இருப்பவர்களுக்காகப் பேசும், உங்களுக்கு மேடை மானிட்டரின் மிச்சம்தான். மைக் செட்டுக்காரர் உட்கார்ந்திருக்கும் மேசையைத் தேடி, அதற்குக் கொஞ்சம் முன்னால் உட்காருங்கள். அவர் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதைத்தான் அவர் அனுப்புகிறார். அகாடமியில் எனக்கு பால்கனிதான். விலையும் குறைவு, அக்கம்பக்கத்தில் தாளம் போடுகிறவர்களும் ஒழுங்காகப் போடுவார்கள்.

திருச்சியிலிருந்து: கச்சேரிக்குப் போனால் தலைவலியோடு திரும்புகிறேன். ஏன் இவ்வளவு சத்தம்? கேட்டால் "உனக்கு வயசாயிடுச்சு" என்கிறார்கள்.

வயசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், எனக்கும் ஆத்திரம் இருக்கிறது.

மைக் வருவதற்கு முன்னால் கூட்டத்தின் கடைசி ஆள்வரை கேட்க வேண்டுமானால் உச்ச சுருதியில் பாட வேண்டும். ஆண் பாடகர்களே நான்கு கட்டை, ஐந்து கட்டை என்று பாடினார்கள். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு. 1930-களில் மைக் வந்ததும் தொண்டைக்கு விடுதலை கிடைத்தது. இன்று ஆண்கள் ஒன்றரை, இரண்டு கட்டையில் நிதானமாகப் பாடுகிறார்கள் என்றால் அதற்கு மைக்தான் காரணம். கீழ் ஸ்தாயியில் நெளியும் கமகங்கள், அதாவது ஸ்வரத்தின் அசைவுகள், நமக்குக் கேட்பதும் அதன் தயவு. எனவே மைக்கே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்கமாட்டேன் என்று நின்றாரே, அவருக்கு என்ன கேட்டிருக்கும் என்று இப்போது புரிகிறது.

நடப்பது என்ன? பாடகருக்குத் தன் குரல் மானிட்டரில் போதவில்லை. கையை மேலே தூக்கிக் காட்டுவார், ஏற்றுவார்கள். உடனே வயலினுக்குத் தன் வில் கேட்கவில்லை, அதற்கும் ஏற்றம். பிறகு மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கம். மூன்றாவது பாட்டுக்குள் மேடையில் எல்லாருக்கும் எல்லாமே கேட்கிறது, நமக்குத்தான் இசை கேட்கவில்லை. இதற்கு நடுவே தம்பூரா என்று ஒன்று பின்னால் சாய்ந்திருக்கும். பல நேரம் அது காட்சிக்குத்தான், சுருதி வருவது மின்சாரச் சுருதிப் பெட்டியிலிருந்தோ போனிலிருந்தோ. தம்பூராவின் பஞ்சமம் நிஜமாகக் கேட்கும் அரங்கில் பாடகர் தானாகவே குரலைத் தணிப்பார் என்பது என் அனுபவம்.

தலைவலிக்கு மருந்து சிறிய அரங்கம். லஸ்ஸில் ராக சுதா ஹால் மாதிரி இடங்களில் மைக் பெயருக்கு இருந்தால் போதும். அங்கே ஒரு வீணைக் கச்சேரி கேளுங்கள். பெரிய அரங்கில் வீணை கேட்டவர்கள் யாரும் வீணை கேட்டதில்லை, ஒலிப்பெருக்கிதான் கேட்டிருக்கிறார்கள். இதை எழுதினால் வீணை வாசிக்கும் வைணிகர்களே கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

தஞ்சாவூரிலிருந்து, மிருதங்கம் கற்கும் மாணவர்: தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) ஆரம்பித்ததும் கூட்டம் கேன்டீனுக்கு ஓடுவது பற்றி உங்கள் கருத்து? பயிற்சி செய்கிற எங்களுக்கு வயிறு எரிகிறது அக்கா.

எரிய வேண்டியதுதான் தம்பி. அகாடமி 1928-இல் தொடங்கியது. ஒரு மிருதங்க வித்வானுக்கு அதன் உயர்ந்த விருதான சங்கீத கலாநிதி கிடைக்க 1966 ஆயிற்று, அதுவும் மணி ஐயர் என்பதால். நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளைக்குக் கிடைக்கவே இல்லை. மேடையில் நடுவில் உட்கார்ந்து பாடுகிறவர்தான் கச்சேரி, மற்றதெல்லாம் துணை என்ற பழக்கம் மேலிருந்து கீழே வந்திருக்கிறது. ரசிகர் எழுந்து போவது அதன் கடைசிப் படி.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். இரண்டரை மணி நேரம் இடைவேளை இல்லை. கேட்கிறவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் எப்போதுதான் எழுவார்கள்? நடுவில் ஐந்து நிமிடம் விட்டால் என்ன குடி முழுகிப் போகும்? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்ததாகச் சொல்லும் கச்சேரி முறையை இத்தனை பேர் இத்தனை விதமாக மாற்றிவிட்டார்கள், இதை மட்டும் ஏன் தொடமாட்டேன் என்கிறார்கள்?

உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை முடிந்தது. பாடகரின் கையைப் பார்த்துக்கொண்டே போடுங்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிப்பது வரவரச் சுருங்கும், அது குறைப்பு. பிறகு இருவரும் சேர்ந்து மோரா என்ற முடிப்பை வாசித்து, கடைசிக் கணக்கான கோர்வைக்கு வருவார்கள். கோர்வை மூன்று தடவை வரும். மூன்றாவது முடிகிற இடத்தில் பாட்டின் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், வந்து விழுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஒரு தடவை அது உங்கள் விரலில் சரியாக விழுந்துவிட்டால் அப்புறம் கேன்டீன் ஞாபகம் வராது.

மேடவாக்கத்திலிருந்து, ஐடி வேலை: எனக்கு ராகம் ஒன்றும் தெரியாது. பக்கத்து சீட் மாமா ஆலாபனை தொடங்கிய அரை நிமிடத்தில் "பூர்விகல்யாணி" என்று காதில் சொல்கிறார். அவமானமாக இருக்கிறது.

அவருக்குத்தான் அவமானம். பெயர் தெரிந்ததும் அவர் கேட்பதை நிறுத்தியிருப்பார், பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டாரே. நீங்கள் தெரியாமலே கேளுங்கள். பாடகர் எந்த ஸ்வரத்தில் வந்து வந்து நிற்கிறார், எதைத் தொடாமல் தாண்டுகிறார் என்று காது தானாகவே கண்டுபிடிக்கும். ஒரே ஒரு வேண்டுகோள், ராகத்தின் பெயரைத் தேட போனைத் திறக்காதீர்கள். இருட்டில் அந்த வெளிச்சம் பின்னால் இருக்கும் நாலு வரிசைக்குத் தெரியும்.

பாடகர்கள் ராகத்தையும் பாட்டையும் வாய்விட்டு அறிவிக்க வேண்டும் என்பது என் கட்சி. சிலர் செய்கிறார்கள். "ரசிகர்களை அவமதிப்பது" என்று எதிர்க்கிறவர்கள் எல்லாம் அந்த மாமாவின் உறவினர்கள்.

ஈரோட்டிலிருந்து: மதியம் டிக்கெட் இல்லாத கச்சேரிகள் கத்துக்குட்டிகளுக்காமே?

பெரும்பாலான சபாக்களில் மதியத்துக்கு டிக்கெட் கிடையாது, உண்மை. பாடுகிறவர்கள் இளையவர்கள், அதுவும் உண்மை. ஆனால் சீசனில் எனக்கு மிச்சம் இருக்கும் சந்தோஷமே அங்கேதான். மாலை நட்சத்திரத்துக்கு அன்று ஒரு வேலை நாள். மதியம் பாடும் பெண்ணுக்கு அந்த ஒன்றரை மணி நேரம்தான் அந்த வருஷம். நேரம் குறைவு என்பதால் சுற்றி வளைக்க இடமில்லை. யாரும் தொடாத ராகத்தை எடுத்துத் துணிச்சலாகப் பாடுவார்கள். சில நேரம் கவிழும், பரவாயில்லை.

எல்லா மதியமும் தேன் இல்லை. பணம் கொடுத்தால் மேடை கிடைக்கும் இடங்களும் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். பாடுகிற பிள்ளை வெளிநாட்டில் வளர்ந்தது என்றால் உடனே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜர் உற்சவம் நடக்கிறது. அங்கிருந்து வந்து நம்மைத் திணற அடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மதுரையிலிருந்து: சங்கீதம் பிடிக்கும். ஆனால் சபாவுக்குள் நுழைந்தாலே "இவள் யார்" என்று பார்ப்பது போல் இருக்கிறது. அது என் கற்பனையா?

முழுக்கக் கற்பனை இல்லை. வரிசைகளைப் பார்த்தாலே தெரியும், ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2015-இல் இனி இந்த சீசனில் பாடுவதில்லை என்று சொன்னபோது இதையும்தான் சொன்னார். அந்தச் சமயத்தை ஒட்டித்தான் பெசன்ட் நகர் பக்கத்து மீனவர் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலை விழாவும் தொடங்கியது. 2024-இல் அகாடமி அவருக்கே சங்கீத கலாநிதி அறிவித்தது, சில கலைஞர்கள் அந்த வருஷம் அங்கே பாட மறுத்தார்கள். அவர் பேசுகிற எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அந்தச் சண்டையில் யார் எந்தப் பக்கம் என்று கேன்டீனில் மணிக்கணக்கில் பேசியவர்கள், பக்கத்து நாற்காலியில் யார் இல்லை என்று ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. நாகஸ்வரத்தைத் தொடக்க நாள் மங்கள இசைக்குக் கூப்பிட்டுவிட்டு மாலை நேரத்தைக் கொடுக்காமல் இருப்பதும் இதன் இன்னொரு முகம்தான்.

நீங்கள் வாருங்கள். பட்டுப்புடவை வேண்டாம், சுடிதார் போதும், ஏசி குளிருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மதியக் கச்சேரியில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். முதலில் பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போய்ப் பாருங்களேன். 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கே நடக்கிறது. பழந்தமிழ் ராகங்களான பண்கள் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் உண்டு. மயிலாப்பூர் முறைப்பு அங்கே கொஞ்சம் குறைவு.

சேலத்திலிருந்து: தமிழ்ப் பாட்டைக் கடைசியில் துக்கடாவாக, சின்ன உருப்படியாகத் தள்ளுவது இன்னும் மாறவில்லையே?

மாறிக்கொண்டிருக்கிறது, மெதுவாக. முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் இவர்களின் பாட்டை நடுநாயகமாக வைத்து நாற்பது நிமிடம் பாட எல்லாச் சரக்கும் அதில் இருக்கிறது. ஆனால் எத்தனை தமிழ்ப் பாட்டு என்று விரல் விட்டு எண்ணுவதில் எனக்கு ருசியில்லை. ஆறு பாட்டை அவசரமாகப் பாடி ஒப்பேற்றுவதைவிட ஒன்றை எடுத்து நிரவலும் ஸ்வரமுமாக விரித்தால் போதும்.

நங்கநல்லூரிலிருந்து: கேன்டீனுக்காக மட்டும் வருவது பாவமா மாமி?

இல்லை. அடை அவியல் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளே வந்து தூங்குவதைவிட அது நேர்மை.

நியூஜெர்சியிலிருந்து: டிக்கெட் போட்டு வர முடியவில்லை. ஆன்லைனில் கேட்பது கேட்பதாகுமா?

ஆகும். 2020-இல் கொரோனாவால் சீசனே இணையத்துக்குப் போனபோது, காலி அரங்கில் ஒழுங்காகப் பதிவு செய்த கச்சேரிகளில் தம்பூராவின் நாதம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நல்ல ஹெட்போன் இருந்தால் பல அரங்குகளைவிட உங்கள் வீடு மேல். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

தாம்பரத்திலிருந்து: காரில் வரலாமா? கச்சேரி முடியும் முன்பே கிளம்பினால் தப்பா?

காரில் வராதீர்கள். மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டிய தெருக்களில் சுற்றி வந்து நிறுத்த இடம் கிடைப்பதற்குள் தொடக்கத்தில் பாடும் வர்ணம் முடிந்திருக்கும். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் லஸ் பக்கத்து அரங்குகளுக்கு நடந்தே போகலாம். முன்பே கிளம்புவதில் தப்பில்லை, ராகம் தானம் பல்லவி முடிந்து துக்கடாக்கள் தொடங்கும் முன் எழுந்துகொள்ளுங்கள். ஆலாபனை நடுவில் மட்டும் வேண்டாம். கடைசிப் பாட்டான மங்களம் தொடங்கிய பிறகு என்றால் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிடுங்கள், எப்படியும் ஆட்டோ கிடைக்கப்போவதில்லை.