கட்டையோடு நின்றால் பஸ் நிற்காதா?

அன்புள்ள அண்ணா,

என் தங்கைக்குச் சிறுவயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. இரண்டு கட்டைகளை ஊன்றித்தான் நடப்பாள். தினமும் டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். அவளைப் பார்த்ததும் சில டிரைவர்கள் நிறுத்தாமல் போய்விடுகிறார்கள். சிலர் தள்ளிக் கொண்டுபோய் நடுரோட்டில் நிறுத்துகிறார்கள். போன வாரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிரைவர் திரும்பி, "ஓசியில வர்றதுக்கு இவ்வளவு நேரமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். புகார் கொடுக்கலாம் என்றேன். அம்மாவோ, "பாவம், அவர் பொழப்பு கெட்டுடும். நமக்கு உதவணும்னு அவருக்கு என்ன கட்டாயம்?" என்கிறார். இதைப் பாகுபாடு என்று சொல்லலாமா?

பெயர் வேண்டாம், திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

பாகுபாடுதான். திட்டி இறக்கிவிட்டால்தான் பாகுபாடு என்றில்லை. ஒருவருக்குத் தேவைப்படுகிற நியாயமான வசதியைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடே என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் வரையறையிலேயே சொல்லிவிட்டது. உங்கள் தங்கை கேட்பதோ தனி வசதிகூட இல்லை. பஸ்ஸை நிறுத்தத்தில், ஓரமாக அணைத்து நிறுத்துவது எல்லாப் பயணிகளுக்கும் டிரைவர் செய்ய வேண்டிய வேலை.

உங்கள் தங்கை எப்படி ஏறுகிறார் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு கட்டைகளையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பற்றி, உடம்பின் மொத்த எடையையும் அந்த ஒரு கையால் மேலே இழுக்க வேண்டும். நடைமேடையை ஒட்டி வண்டி நின்றால் படி ஓரளவு எட்டும். நடுரோட்டில் நின்றால் முதல் படிக்கே பெரும்பாடு. அந்த நேரத்தில் வண்டி நகர்ந்தால் விழ வேண்டியதுதான்.

தாங்கள் ஏறக்கூடிய பேருந்துகள் வேண்டும் என்று சென்னையில் மாற்றுத்திறனாளிகள், உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நல்ல வண்டிகள், சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பலகையும் உண்டு. ஆனால் டிரைவர் நிறுத்தாமலே போனால் அந்தப் பலகை யாருக்கு?

அப்புறம் அந்த 'ஓசி'. படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் ஒரு துணையாளருக்கும் 2021 முதல் கட்டணம் கிடையாது. அதற்கு ஈடான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. அது மக்களின் வரிப்பணம், உங்கள் தங்கை கட்டும் வரியும் அதில் இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் அதே சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

அம்மாவின் இரக்கம் எனக்குப் புரிகிறது. டிரைவர்களுக்கு நேர நெருக்கடி உண்டு, கூட்ட நெரிசல் உண்டு. அதை நிர்வாகத்திடம் அவர்கள் கேட்கட்டும், நாமும் சேர்ந்து கேட்போம். ஆனால் தாமதமான இரண்டு நிமிடத்தை ஈடுகட்ட, கட்டையோடு நிற்பவரை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு உரிமை இல்லை.

டவுன் பஸ்ஸில் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவா போக ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். அவர் உடல்நிலையைக் காரணம் காட்டினார்கள். அவர் விடவில்லை. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

வண்டி எண், தடம், தேதி, நேரம், நிறுத்தத்தின் பெயர், சொன்ன வார்த்தை, இவ்வளவையும் எழுதிக் கிளை மேலாளரிடம் கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். விசாரணைக்கு ஆளை வரவழைக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது. வேலையை விட்டு நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம், அம்மாவும் சமாதானமாவார். அந்த நிறுத்தத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவர் ஏறி உட்கார்ந்த பிறகே எடுக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு கேளுங்கள். ஒன்று மட்டும்: நாளைக்கும் அதே பஸ்ஸில் போகப் போகிறவர் உங்கள் தங்கை. அவரிடம் கேட்டு, அவர் சரி என்றால், அவர் கையெழுத்திலேயே புகார் போகட்டும்.